படம் வந்தது, எழுத்து வரவில்லை!

ஒரு வழி அடைபட்டால் மறு வழி: டெலிவிஷன் நிலையங்கள் போடும் திட்டமும், லண்டனில் அது தவறிய கதையும்

2021-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 25-ந் தேதி. சனிக்கிழமை மாலை.

இங்கிலாந்து நாட்டில் வீட்டுக்கு வீடு டெலிவிஷன் ஓடிக்கொண்டு இருந்தது. வார விடுமுறை. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற நேரம்.

திடீர் என்று "சேனல் 4" நிலையத்தின் படம் மறைந்தது. அதே கம்பெனி நடத்தும் மற்ற நிலையங்களும் தடுமாறின. "சேனல் 5" நிலையத்திலும் கோளாறு.

நம் வீட்டுப் பெட்டிதான் கெட்டுவிட்டதோ என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் கெட்டது பெட்டி அல்ல. மேற்கு லண்டனில் ஒரு கட்டிடம் இருக்கிறது. "ரெட் பீ மீடியா" என்ற கம்பெனி அங்கே இருந்துகொண்டு, பல நிலையங்களின் நிகழ்ச்சிகளை அந்தந்த நேரத்துக்கு வெளியே அனுப்பி வந்தது. கோளாறு அங்கேதான் நடந்தது.

தீ அணைக்கும் கருவி செய்த வேலை

அந்தக் கட்டிடத்தை அன்று பாழாக்கியது தீ அல்ல. தீயை அணைப்பதற்காக வைத்திருந்த கருவி!

எந்திரங்கள் நிறைந்த அறையில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற முடியாது. ஊற்றினால் தீயும் அணையும், எந்திரமும் போய்விடும். ஆகவே அங்கே தண்ணீருக்குப் பதிலாக ஒருவகை வாயுவைச் சிலிண்டர்களில் அடைத்து வைத்திருப்பார்கள். ஆபத்து என்று கருவிக்குப் பட்டால், அந்த வாயு குழாய்களின் வழியாகப் பீறிட்டு அறையை நிரப்பும். காற்றில் உள்ள பிராணவாயு குறைந்து, தீ அணைந்துவிடும்.

அன்று வாயு பீறிட்டது. அது கிளம்பிய வேகத்தில் எழுந்த ஓசையின் அதிர்ச்சி, எந்திரங்களில் இருந்த "ஹார்டு டிஸ்க்"குகளைத் தாக்கியது.

ஹார்டு டிஸ்க் என்பது ஏறக்குறைய கிராமபோன் தட்டு மாதிரி. உள்ளே தட்டு வேகமாகச் சுழலும். மேலே ஒரு முனை, தட்டைத் தொடாமல் மிதந்துகொண்டே படிக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி தலைமுடியின் கனத்தைவிடப் பல மடங்கு சிறியது. பெருஞ்சத்தத்தில் அது ஆடிப்போனால் போதும், படிக்க முடியாது. சில சமயம் தட்டே கெட்டுவிடும்.

இது யாருக்கும் தெரியாத புதுமை அல்ல. 5 ஆண்டுகளுக்கு முன்பு, 2016-ம் ஆண்டு செப்டம்பரில், ருமேனியா நாட்டின் தலைநகரம் புக்காரெஸ்டில் ஒரு பாங்கியில் தீயணைப்பு ஒத்திகை நடந்தது. அங்கேயும் வாயுவின் ஓசை டிஸ்க்குகளைக் கெடுத்தது. பாங்கியின் வேலைகள் சுமார் 10 மணி நேரம் நின்றுபோயின. அந்தச் செய்தி அப்போதே உலகம் முழுவதும் வெளிவந்தது.

லண்டனுக்குத் திரும்புவோம். "சேனல் 4" நிலையத்தின் படம் அன்று இரவே திரும்பி வந்தது. மாற்று ஏற்பாடு கை கொடுத்தது. ஆனால் ஒன்று மட்டும் திரும்பி வரவில்லை. படத்தின் அடியில் ஓடுமே, அந்த எழுத்து வசனம்!

காது கேட்பவர்களுக்கு இது சின்ன விஷயம். காது கேளாதவர்களுக்கு அப்படி அல்ல. அவர்களுக்கு எழுத்துதான் குரல். இங்கிலாந்து உள்பட பிரிட்டன் முழுவதும், முற்றிலும் காது கேளாதவர்களும் காது மந்தமானவர்களும் சேர்ந்து ஒரு கோடிக்கும் மேல் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் எழுத்தைப் பார்த்துத்தான் செய்தி அறிகிறார்கள். எழுத்தைப் பார்த்துத்தான் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து சிரிக்கிறார்கள்.

கண் தெரியாதவர்களுக்காக, காட்சியில் நடப்பதை விளக்கிச் சொல்லும் ஒரு தனிக் குரலும் உண்டு. சைகை மொழியில் பெயர்த்துக் காட்டும் நிகழ்ச்சிகளும் உண்டு. அவையும் போயின.

நாடே விரும்பிப் பார்க்கும் கேக் செய்யும் போட்டி நிகழ்ச்சி அந்தச் சமயத்தில்தான் நடந்துகொண்டு இருந்தது. அதுவும் எழுத்து இல்லாமலே ஓடியது. ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல. பல வாரங்கள்.

படத்துக்கு மாற்று வழி இருந்தது. எழுத்துக்கு ஏன் இல்லாமல் போயிற்று? இதைப் புரிந்துகொள்ள, டெலிவிஷன் நிலையத்துக்கு உள்ளே கொஞ்சம் எட்டிப்பார்க்க வேண்டும்.

நிலையத்துக்குள் ஒரு ஜங்ஷன்

பெரிய ரெயில்வே ஜங்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு திசையில் இருந்தும் வண்டிகள் வருகின்றன. எது எந்தத் தண்டவாளத்தில் போகவேண்டும் என்று ஒருவர் தீர்மானிக்கிறார். கம்பியை இழுத்தால் தண்டவாளம் மாறுகிறது.

டெலிவிஷன் நிலையத்திலும் அப்படி ஒரு ஜங்ஷன் இருக்கிறது. அதற்கு "ரூட்டர்" என்று பெயர். (வீட்டில் இன்டர்நெட்டுக்காக வைத்திருக்கிறார்களே, அந்தச் சின்னப் பெட்டிக்கும் இதே பெயர்தான். இது அதற்குப் பெரிய அண்ணன்.)

கேமராக்களின் படம், வெளியூர் நிருபர் அனுப்பும் படம், செயற்கைக்கோளில் இருந்து இறங்கும் படம், ஏற்கனவே பதிவு செய்த படம், விளம்பரம் எல்லாம் கம்பி வழியாக இந்த ரூட்டருக்கு வந்து சேரும். எந்தப் படத்தை எந்தக் கம்பியில் வெளியே விடுவது என்று பொத்தானை அழுத்திச் சொல்லலாம். ரெயிலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம். ஒரு ரெயில் ஒரு தண்டவாளத்தில்தான் போகும். இங்கே ஒரே படத்தை ஒரே நேரத்தில் 50 இடங்களுக்கும் அனுப்பலாம்.

288 கம்பிகள் உள்ளே வரவும், 288 கம்பிகள் வெளியே போகவும் வசதி உள்ள ரூட்டர்கள் பல நிலையங்களில் உண்டு. எந்தக் கம்பியையும் எந்தக் கம்பியோடும் இணைக்கலாம். அப்படியானால் உள்ளே 82 ஆயிரத்து 944 சந்திப்புகள் இருக்க வேண்டும். பெருக்கிப் பார்த்தால் கணக்கு சரியாக வரும்.

எல்லா வண்டியும் ஒரே ஜங்ஷன் வழியாகப் போவதில் வசதி உண்டு. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. ஜங்ஷன் முடங்கினால் எல்லாம் முடங்கும்.

அதனால் நிலையத்தைக் கட்டும்போதே என்ஜினீயர்கள் ஒரு படம் வரைகிறார்கள். கேமராவில் தொடங்கி, கடைசியாக வெளியே போகும் கம்பி வரை, ஒவ்வொரு படமும் நடந்துபோகும் பாதை அதில் இருக்கும். பிறகு பாதையில் உள்ள ஒவ்வொரு பொருளின் மேலும் விரலை வைத்து, "இது செத்துப்போனால் என்ன ஆகும்?" என்று கேட்கிறார்கள். பதில் "எல்லாம் நின்றுவிடும்" என்று வந்தால், அங்கே இரண்டாவது வழி போடவேண்டும்.

எல்லாவற்றையும் இரண்டு இரண்டாக வாங்கினால் செலவும் இரண்டு மடங்கு ஆகும். எந்த முதலாளி சம்மதிப்பார்? ஆகவே பாதையின் கடைசியில் இருந்து பின்னோக்கி நடந்து வருவது நல்ல என்ஜினீயரின் வழக்கம். 5 கேமராக்களில் ஒன்று கெட்டால் மற்ற 4 இருக்கின்றன. பார்ப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் எல்லாப் பாதைகளும் ஒன்றுசேர்ந்து வெளியே போகிறதே, அந்தக் கடைசிக் கம்பி அறுந்தால் அத்தனையும் போச்சு. எனவே முதல் பணம் அங்கேதான் போகவேண்டும்.

இரண்டு செருகி, ஒரே பலகை

இரண்டாவது வழி போடுவது சுலபம் என்று தோன்றும். இன்னொரு பெட்டி வாங்கி வைத்தால் தீர்ந்தது என்று நினைக்கலாம். அங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது.

ரூட்டருக்கு மின்சாரம் கொடுக்க இரண்டு தனித்தனிக் கருவிகள் இருக்கும். ஒன்று கெட்டால் மற்றது தாங்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டின் செருகிகளையும் ஒரே பலகையில் செருகிவிட்டால்? பலகையில் பியூஸ் போனால் இரண்டும் சேர்ந்து போகும். வீட்டில் இரண்டு பீரோ சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்துத் தொலைப்பது மாதிரி.

ரூட்டருக்கு உள்ளே அட்டை அட்டையாகச் செருகி இருப்பார்கள். ஒவ்வோர் அட்டையும் சில கம்பிகளைக் கவனித்துக்கொள்ளும். அவசரமாக வேலை முடிக்கும் ஆள், 1, 2, 3, 4 என்று எல்லா கேமராக்களையும் வரிசையாக முதல் அட்டையிலேயே இணைத்துவிடுவார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த ஓர் அட்டை எரிந்தால் எல்லா கேமராக்களும் குருடு. யோசித்துச் செய்பவர் 1, 3 ஆகியவற்றை ஓர் அட்டையிலும், 2, 4 ஆகியவற்றை வேறோர் அட்டையிலும் இணைப்பார். இதற்குக் காலணா செலவு இல்லை. யோசனைதான் செலவு.

இன்னொரு சங்கடம். முதல் வழி கெட்டால் இரண்டாவது வழிக்கு மாற்றிவிட ஒரு கருவி வேண்டும் அல்லவா? இரண்டு வழிகளும் கடைசியில் அந்தக் கருவிக்குள்தானே வந்து சேர்கின்றன? அந்தக் கருவியே கெட்டுப்போனால்? காவலுக்கு வைத்த ஆளே கதவை அடைத்துக்கொண்டு விழுந்துகிடக்கிற கதைதான்!

இதற்கு ஒரு நல்ல யுக்தி கண்டுபிடித்து இருக்கிறார்கள். மாற்றும் கருவிக்குள் ஒரு "ரிலே" இருக்கும். மின்சாரம் இருக்கும் வரை அது மேலே பிடித்துக்கொண்டு இருக்கும். மின்சாரம் போனால் தானாகக் கீழே விழும். விழும்போதே, முதல் வழியின் கம்பியை வெளியே போகும் கம்பியோடு நேராகச் சேர்த்துவிடும். கருவி செத்தாலும் படம் போய்க்கொண்டு இருக்கும்.

எப்போது மாற்றுவது என்பது இன்னொரு பிரச்சினை. எந்திரமே பார்த்து மாற்றட்டும் என்று விடலாம். ஆனால் கம்பியில் மின்னோட்டம் இருந்தால், "எல்லாம் நலம்" என்று எந்திரம் நினைத்துக்கொள்ளும். செய்தி வாசிப்பவர் வாயைத் திறந்தபடி சிலை மாதிரி உறைந்து நிற்பார். பார்ப்பவர்களுக்குக் கோளாறு தெரியும், எந்திரத்துக்குத் தெரியாது. உறைந்த படத்தையும் கறுத்த படத்தையும் கண்டுபிடிக்கும் எந்திரங்கள் இப்போது வந்திருக்கின்றன. அவையும் சில சமயம் ஏமாறும். நாடகத்தில் இருட்டுக் காட்சி வந்தால், படம் போய்விட்டது என்று பதறி வழியை மாற்றிவிடும். அதனால் முக்கியமான நிலையங்களில் இன்றைக்கும் ஓர் ஆள் கண்விழித்து உட்கார்ந்து இருக்கிறார்.

வியன்னாவில் இடி, உலகம் எங்கும் இருட்டு

லண்டன் சம்பவத்துக்கு 13 ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பா முழுவதும் ஒரு பாடம் படித்தது.

2008-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி. ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியின் அரை இறுதி ஆட்டம். ஜெர்மனியும் துருக்கியும் மோதின. ஆட்டம் நடந்த இடம் சுவிட்சர்லாந்தில் உள்ள பாசல் நகரம். அந்த ஆட்டத்தின் படம் அங்கே இருந்து ஆஸ்திரியா நாட்டின் தலைநகரம் வியன்னாவுக்குப் போகும். வியன்னாவில் ஒரு பெரிய ஒளிபரப்பு மையம் அமைத்து இருந்தார்கள். உலக நாடுகள் எல்லாம் அங்கே இருந்துதான் படத்தை வாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது பாதி ஆட்டம் நடந்துகொண்டு இருக்கிறது. வியன்னாவில் இடி, மின்னல், புயல்! ஒளிபரப்பு மையத்தில் மின்சாரம் தடைப்பட்டது. உலகம் எங்கும் படம் மறைந்தது. வந்தது, மறுபடியும் மறைந்தது.

வேடிக்கை என்னவென்றால், பாசலில் ஆட்டத்துக்கு ஒரு தடையும் இல்லை. விளக்கு எரிந்தது. கேமராக்கள் ஓடின. வீரர்கள் பந்தை உதைத்துக்கொண்டு இருந்தார்கள். இடி விழுந்தது 600 கிலோ மீட்டருக்கும் அப்பால். ஆனால் கோடிக்கணக்கான மக்களுக்கு ஆட்டமே காணாமல் போயிற்று.

ஜெர்மனியில் ஒளிபரப்பிய "இசட்.டி.எப்." நிலையத்தின் வர்ணனையாளர், படம் இல்லாமலே வாயால் ஆட்டத்தை வர்ணித்தார். ரேடியோ காலம் திரும்பி வந்தது மாதிரி.

ஆனால் சுவிட்சர்லாந்து மக்களுக்குப் படம் போகவில்லை. ஏன்? அவர்களுடைய நிலையம் வியன்னாவைச் சுற்றிவராமல், பாசல் மைதானத்தில் இருந்தே படத்தைத் தனிக் கம்பியில் எடுத்துக்கொண்டு இருந்தது. இதைப் பார்த்த ஜெர்மானியர்கள், சுவிட்சர்லாந்து நிலையத்தின் படத்தை வாங்கித் தங்கள் நாட்டில் காட்டினார்கள். ஜெர்மனி 3 கோல், துருக்கி 2. கடைசி நேரத்தில் விழுந்த வெற்றி கோலை ஜெர்மனி மக்கள் தங்கள் கண்ணால் பார்க்க முடிந்தது, அயல்நாட்டான் கொடுத்த கம்பியால்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வியன்னா மையத்தில் எந்திரங்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அத்தனையும் ஒரே கூரையின் கீழ், ஒரே மின்சாரத்தை நம்பி இருந்தன. காப்பாற்றியது அந்தக் கூரைக்கே போகாத ஒரு கம்பி.

நியூயார்க்: பழைய கோபுரம் கை கொடுத்தது

அதற்கும் முன்பு, 2001-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி. நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் மேல் விமானங்கள் மோதிய நாள். உலகத்தையே உலுக்கிய கொடுமை அது. அந்தப் பெருந்துயரத்தில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு.

வடக்குக் கோபுரத்தின் உச்சியில் நெடிய கம்பம் ஒன்று நின்றது. நியூயார்க் நகரின் டெலிவிஷன் நிலையங்களில் பெரும்பாலானவை அதில் இருந்துதான் அலைகளைப் பரப்பின. கோபுரம் சரிந்ததும் அத்தனை நிலையங்களும் காற்றில் இருந்து மறைந்தன. கம்பி வழியாக இணைப்பு வாங்கி இருந்த வீடுகளுக்குப் படம் வந்தது. கூரைமேல் ஏரியல் வைத்திருந்த வீடுகளுக்கு வரவில்லை.

கோபுரத்தின் மேல்மாடிகளில் டெலிவிஷன் கருவிகளைக் கவனித்துக்கொண்டு இருந்த 6 என்ஜினீயர்கள் அன்று உயிர் இழந்தார்கள்.

அந்த நேரத்தில் "சி.பி.எஸ்." நிலையம் ஏரியல் வைத்திருந்த வீடுகளிலும் தொடர்ந்து தெரிந்தது. எம்பயர் ஸ்டேட் கட்டிடம் நியூயார்க்கின் பழைய உச்சி. வர்த்தக மையம் எழுவதற்கு முன்பு நிலையங்கள் அங்கேதான் இருந்தன. சி.பி.எஸ். நிலையத்தார் அங்கே முழுச் சக்தி உள்ள ஒரு மாற்றுக் கருவியைத் தயாராக வைத்திருந்தார்கள். நகரம் புகைமூட்டத்தில் தவித்த அன்று, என்ன நடக்கிறது, எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்ற செய்தி பல வீடுகளுக்கு அந்தக் கருவியின் வழியாகத்தான் கிடைத்தது. மற்ற நிலையங்கள் பிறகு நியூஜெர்சியில் ஆல்பைன் என்ற ஊரில் இருந்த பழைய கோபுரத்தில் இடம் பிடித்து, அவசர அவசரமாகக் கருவிகளை ஏற்றின.

எத்தனையோ ஆண்டுகள் வேலை இல்லாமல் நின்ற கருவி அது. அதற்கு வாடகை கொடுத்து, மின்சாரம் கொடுத்து, ஆள் போட்டுக் காப்பாற்றுவது வீண் என்று கணக்குப்பிள்ளை எவரும் சொல்லி இருக்கலாம். அப்படிச் சொல்லி இருந்தால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஒரே படம், இரண்டு பொட்டலம்

இப்போது டெலிவிஷன் நிலையங்களின் உள்ளே பெரிய மாறுதல் நடந்து வருகிறது. படத்துக்கு என்று தனிக் கம்பி, தனி ரூட்டர் என்ற முறை மெல்ல மறைகிறது. அதற்குப் பதிலாக, கம்ப்யூட்டர் வலையிலேயே படத்தை அனுப்புகிறார்கள்.

தெளிவான படம் ஒன்றைச் சுருக்காமல் அனுப்பினால் ஒரு விநாடிக்குச் சுமார் 150 கோடி "பிட்"டுகள் ஓடவேண்டும். இந்தப் பெரிய மூட்டையைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு அனுப்புவார்கள். தபால் மாதிரி.

இங்கே மாற்று வழிக்கு ஓர் அழகான முறை வந்திருக்கிறது. ஒவ்வொரு பொட்டலத்தையும் இரண்டு பிரதிகளாகக் கட்டி, இரண்டு தனித்தனி வலைகளில் ஒரே நேரத்தில் அனுப்புவது. சிவப்பு வலை, நீல வலை என்று பெயர் வைத்துக்கொள்வார்கள். வாங்கும் எந்திரம் எண்ணைப் பார்க்கும். சிவப்பில் 7-ம் எண் பொட்டலம் தொலைந்து போனால், நீலத்தில் வந்த 7-ம் எண்ணை எடுத்துச் சேர்த்துக்கொள்ளும். மாற்றும் கருவி தேவை இல்லை. மாற்றும் நேரமும் இல்லை. ஒரு வலை முழுவதும் அறுந்தாலும் பார்ப்பவர்களுக்குப் படம் ஒரு சிமிட்டுக்கூட சிமிட்டாது.

ஆனால் சிவப்புக் கம்பியையும் நீலக் கம்பியையும் தெருவில் ஒரே பள்ளத்தில் புதைத்துவிட்டால்? குழாய் பதிக்க வருபவரின் மண்வெட்டிக்குச் சிவப்பும் தெரியாது, நீலமும் தெரியாது. இரண்டு வலைகளிலும் ஒரே கம்பெனியின் எந்திரம், ஒரே "சாப்ட்வேர்" என்றால், அதில் உள்ள பிழை இரண்டையும் ஒரே விநாடியில் படுக்கவைக்கும்.

பழைய முறையில் இல்லாத புதிய ஆபத்தும் உண்டு. 2015-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதி இரவு, பாரீஸ் நகரில் "டிவி 5 மோந்த்" என்ற நிலையத்தின் கம்ப்யூட்டர் வலைக்குள் விஷமிகள் புகுந்து நாசம் செய்தார்கள். அதன் 12 சேனல்களும் இருண்டன. நிலையத்தாருக்கு ஓர் அதிர்ஷ்டம். அன்றுதான் அவர்கள் புதிதாக ஒரு சேனல் தொடங்கி இருந்தார்கள். அதனால் இரவு நேரத்திலும் கைதேர்ந்த ஆட்கள் அங்கே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் விஷமம் எந்த எந்திரத்தில் இருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடித்து, அதன் இணைப்பைத் துண்டித்தார். இல்லாவிட்டால் நிலையமே அழிந்திருக்கும் என்று அதன் தலைவர் பிறகு சொன்னார். திருடன் ஒரு கதவைத் திறந்துவிட்டால், உள்ளே எல்லா அறைகளுக்கும் போகலாம் என்ற நிலையில், மாற்று அறை இருந்து என்ன பயன்?

எழுத்து எங்கே தவறியது?

திரும்பவும் லண்டன்.

எழுத்து வசனம் என்பது படத்தோடு ஒட்டிப் பிறப்பது அல்ல. அதை வேறு ஆட்கள் எழுதுகிறார்கள். வேறு கம்ப்யூட்டரில் சேர்த்து வைக்கிறார்கள். படம் வெளியே போகிற நேரத்தில், இன்னோர் எந்திரம் எழுத்தை எடுத்துப் படத்தோடு சேர்த்து அனுப்புகிறது. அதாவது, எழுத்துக்குத் தனிப் பாதை. வீட்டில் பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே படம். உள்ளே நடந்து வருவது இரண்டு வழிகள்.

செப்டம்பர் 25 அன்று எழுத்தின் பாதை கெட்டது. அதற்கு என்று வைத்திருந்த மாற்று ஏற்பாடும் கைவிட்டது. கெட்ட எந்திரங்களைச் சரிசெய்ய முடியவில்லை. புதிதாகவே எல்லாவற்றையும் கட்டவேண்டி வந்தது. அக்டோபர் கடைசியில்தான் எழுத்து மெல்ல மெல்லத் திரும்பத் தொடங்கியது. எல்லாம் பழைய நிலைக்கு வந்தபோது நவம்பர் 19-ந் தேதி ஆகிவிட்டது. கிட்டத்தட்ட 8 வாரங்கள்!

லாரி ஓட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஸ்டெப்னி டயரில் காற்று இல்லை என்பது நடுவழியில்தான் தெரியவரும். மாதம் ஒரு முறை அதை மாட்டி ஓட்டிப் பார்த்தால் வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும். நல்ல நிலையங்களில் இந்த வழக்கம் உண்டு. சில நாட்கள் முதல் வழியில் ஓட்டுவார்கள். பிறகு வேண்டும் என்றே இரண்டாவது வழிக்கு மாற்றி, அதிலேயே சில நாட்கள் ஓட்டுவார்கள். அப்படி ஓட்டும்போது படம் வருகிறதா என்று மட்டும் பார்க்கக்கூடாது. எழுத்து வருகிறதா? கண் தெரியாதவருக்கான குரல் வருகிறதா? இதையும் பார்க்கவேண்டும். பார்ப்பதற்கு என்று ஓர் ஆளை அமர்த்தினால்தான் அது நடக்கும். ஏனென்றால் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து இருப்பவருக்குக் காது கேட்கும், கண்ணும் தெரியும். எழுத்து இல்லாதது அவருக்கு உறுத்தாது.

பாதையைப் பின்னோக்கி நடந்து பார்ப்பது என்ஜினீயர்களின் வழக்கம் என்று மேலே கண்டோம். அந்த நடை எங்கே தொடங்குகிறது என்பதில்தான் வித்தியாசம். வெளியே போகும் கடைசிக் கம்பியில் தொடங்கினால், படம் போனால் போதும் என்று முடியும். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவரிடம் தொடங்கினால், எந்த வீடு என்ற கேள்வி வரும். காது கேளாதவர் வீட்டில் இருந்து பின்னோக்கி நடந்தால், எழுத்தைச் சேர்க்கும் எந்திரத்தின் மேல் விரல் வைக்காமல் மேலே போக முடியாது. எதை இரண்டாக வைப்பது, எதை ஒன்றாக விடுவது என்று கோடு போடுகிறவர், யார் காத்திருக்கலாம் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறார். அப்படித் தீர்மானிப்பது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

இங்கிலாந்தில் ஒலிபரப்பு, ஒளிபரப்பு நிலையங்களை மேற்பார்வை செய்யும் அமைப்புக்கு "ஆப்காம்" என்று பெயர். அதற்கு நூற்றுக்கணக்கான புகார்கள் குவிந்தன. விசாரணை நடந்தது. 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் முடிவு வந்தது.

சேனல் 4 நிலையத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆண்டு முழுவதும் காட்டும் நிகழ்ச்சிகளில் 90 சதவீதத்துக்கு எழுத்து வசனம் இருக்க வேண்டும். "பிரீசாட்" என்ற செயற்கைக்கோள் வழியாகப் பார்க்கும் வீடுகளுக்கு அந்த ஆண்டு அந்த அளவு எழுத்து கிடைக்கவில்லை. ஆகவே நிலையம் நிபந்தனையை மீறிவிட்டது என்று ஆப்காம் தீர்ப்புச் சொன்னது. மாற்று ஏற்பாடு பலமாக இல்லை. இத்தனை வாரங்கள் ஆகியிருக்கவே கூடாது என்றும் கண்டித்தது.

எந்திரத்தைப் பற்றிய குற்றத்தோடு அது நிற்கவில்லை. எழுத்து எப்போது திரும்ப வரும் என்பதை, அதை நம்பி இருக்கிற மக்களுக்குச் சொல்லவேண்டும் அல்லவா? தெளிவான திட்டத்தையும் தேதியையும் வெளியிட நிலையம் ஏறக்குறைய 4 வாரங்கள் எடுத்துக்கொண்டது. அதுவும் குற்றம் என்று ஆப்காம் சொன்னது.

அந்த 4 வாரங்களும் படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரையில் வாய்கள் அசைந்துகொண்டுதான் இருந்தன.